ஓடாமலேயே முதுமையடையும் ரப்பர்



பழைய கேள்வித்தாள்களைச் சுருட்டி, ஒரு ரப்பர் வளையம் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருப்பீர்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து அந்தச் சுருளை எடுத்துப் பாருங்கள். வளையத்தை லேசாக இழுத்த உடனேயே அது அறுந்துவிடும். சில வேளைகளில் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு பழுப்பு நிறக் கறையையும் விட்டிருக்கும். இத்தனை நாளும் அந்த வளையத்தை யாரும் தொடவில்லை, தேய்க்கவில்லை. பிறகு எப்படி அது கெட்டது?

கேள்வித்தாளைக் கட்டிய வளையம் அறுந்தால் பெரிய நட்டமில்லை. ஆனால் கார், வேன் போன்ற வண்டிகளின் பிரேக்குக்குள் ஒரு சிறிய ரப்பர்க் கிண்ணம் இருக்கிறது. ஓட்டுநர் காலால் மிதிக்கும் விசை சக்கரத்தைச் சென்றடைவதும் அடையாததும் அதன் கையில்தான் உள்ளது. அது கடையில் பெட்டிக்குள் இருந்தபோதே கெட்டுப்போயிருந்தால்? "புதிய சாமான்தானே போட்டோம்!" என்று வண்டிக்காரர் நம்பிக்கொண்டிருப்பார். ஆனால் அது பெயருக்குத்தான் புதியது.

இரும்பு துருப்பிடிப்பது நமக்குத் தெரியும். ரப்பரும் ஒரு வகையில் "துருப்பிடிக்கிறது" என்பதைப் பலர் அறிவதில்லை. அது ஏன் நடக்கிறது, எப்படித் தடுப்பது என்பதை இங்கே பார்ப்போம்.

சீல் என்ன வேலை செய்கிறது?

இரண்டு உலோகப் பகுதிகளை எவ்வளவு நுட்பமாகக் கடைந்து பொருத்தினாலும் அவற்றிடையே மெல்லிய இடைவெளி இருந்தே தீரும். அதன் வழியே எண்ணெய் கசியாமலும், நீரும் தூசியும் உள்ளே புகாமலும் காப்பவைதாம் சீல்கள். எஞ்சினின் சுழலும் தண்டைச் சுற்றி அமர்ந்திருப்பது ஆயில் சீல். பிரேக் சிலிண்டருக்குள் பிஸ்டனோடு சேர்ந்து நகரும் கிண்ணம் பிரேக் கப். வளையல் போல் இருப்பது ஓ-ரிங். கதவையும் கண்ணாடியையும் சுற்றி ஓடும் நீண்ட ரப்பர்ப் பட்டையை ஒர்க்‌ஷாப்புகளில் பீடிங் என்பார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படைத் தத்துவம் ஒன்றுதான். 4 மில்லிமீட்டர் ஆழமுள்ள பள்ளத்தில் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓ-ரிங்கை வைத்து மூடி இறுக்குவதாக வைத்துக்கொள்வோம். ரப்பர் 1 மில்லிமீட்டர் நசுங்கும். நசுங்கிய ரப்பர் தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும். அந்த முயற்சிதான் இருபுறத்து உலோகத்தையும் அழுத்தி இடைவெளியை அடைக்கிறது. எனவே சீலின் உயிர் அதன் மீட்சித் தன்மை. ரப்பர் பார்வைக்கு முழுசாக இருக்கலாம். நசுங்கிய நிலையிலேயே அது தங்கிவிட்டால் சீல் செத்ததற்குச் சமம்.

இதை உலகமே பார்க்கும்படி காட்டியவர் அமெரிக்க இயற்பியல் அறிஞர் ரிச்சர்டு ஃபெயின்மன். 1986 ஜனவரி 28 அன்று "சாலஞ்சர்" விண்வெளி ஓடம் புறப்பட்ட 73 வினாடிகளில் சிதறி, அதிலிருந்த 7 பேரும் மாண்டனர். அதன் துணை ராக்கெட் ஒன்றின் இணைப்பில் இருந்த ஓ-ரிங் வழியே சூடான வாயு கசிந்ததே காரணம். அன்று காலை அங்கே கடும் குளிர். ஓடம் புறப்பட்டபோது வெப்பநிலை ஏறத்தாழ 2° செல்சியஸ்தான். விசாரணைக் குழுவில் இருந்த ஃபெயின்மன், ஓ-ரிங் ரப்பர்த் துண்டு ஒன்றை இடுக்கியில் நசுக்கி, பனிக்கட்டி போட்ட தண்ணீரில் வைத்தார். சற்று நேரம் கழித்து வெளியே எடுத்து இடுக்கியைத் தளர்த்தினார். ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. ஒரு தம்ளர் தண்ணீரில் உண்மை விளங்கிவிட்டது.

குளிரால் வந்த விறைப்பு, சூடு கிடைத்தால் நீங்கிவிடும். முதுமையால் வந்த விறைப்போ நீங்குவதே இல்லை. நம் நாட்டு வண்டிகளைப் பெரும்பாலும் தாக்குவது இந்த இரண்டாவது வகைதான்.

சங்கிலிகளும் கொக்கிகளும்

ரப்பர் ஏன் முதுமையடைகிறது என்று அறிய அதன் மூலக்கூறைப் பார்க்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்தப் பாலில் அமிலம் சேர்த்து உறையவைத்தால் கிடைப்பது இயற்கை ரப்பர். இதன் மூலக்கூறு மிக நீண்ட சங்கிலி. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஐசோப்பிரீன் என்ற சிறு அலகு. ஓர் அலகில் 5 கார்பன் அணுக்களும் 8 ஹைட்ரஜன் அணுக்களும் உண்டு. இப்படி ஆயிரக்கணக்கான கண்ணிகள் சேர்ந்து ஒரு சங்கிலி ஆகின்றன.

இந்தச் சங்கிலிகள் நூல்கண்டு சிக்கியதுபோலச் சுருண்டு கிடக்கும். இழுத்தால் நீளும், ஆனால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியும் போய்விடும். அதனால் பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை தீர்வதைக் கண்டறிந்தார். கந்தக அணுக்கள் ஒரு சங்கிலியை அடுத்த சங்கிலியோடு கொக்கி போட்டுப் பிணைத்துவிடுகின்றன. அதன் பிறகு இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். இந்த முறைக்கு வல்கனைசிங் என்று பெயர். சைக்கிள் டியூப் முதல் பிரேக் கப் வரை எல்லாம் இப்படிப் பக்குவப்படுத்தியவைதாம்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. ஐசோப்பிரீன் கண்ணி ஒவ்வொன்றிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. கந்தகக் கொக்கிகள் மாட்டியிருப்பது சிற்சில கண்ணிகளில் மட்டுமே. மீதமுள்ள ஆயிரமாயிரம் இரட்டைப் பிணைப்புகள் வினைபுரியக் காத்திருக்கின்றன. கதவைப் பூட்டிவிட்டு எல்லாச் சன்னல்களையும் திறந்துவைத்த வீடு போன்றது ரப்பர்!

எதிரிகள் யார் யார்?

முதல் எதிரி, நாம் மூச்சுவிடும் ஆக்சிஜன். அது மெல்ல மெல்ல ரப்பருக்குள் புகுந்து சங்கிலிகளைத் தாக்குகிறது. சில இடங்களில் சங்கிலி அறுகிறது. அப்போது ரப்பர் பிசுபிசுக்கிறது. சில இடங்களில் தேவையற்ற புதிய கொக்கிகள் விழுகின்றன. அப்போது ரப்பர் கெட்டியாகி ஒடிகிறது. இயற்கை ரப்பரின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு ஆக்சிஜன் சேர்ந்தாலே போதும், அதன் வலிமையின் பெரும்பகுதி போய்விடும்.

இரண்டாவது எதிரி வெப்பம். அது ஆக்சிஜனின் கூட்டாளி. இத்தகைய வேதிவினைகளின் வேகம், வெப்பநிலை 10 பாகை உயரும்போது ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது நடைமுறைக் கணக்கு.

மூன்றாவது எதிரி ஒளி, குறிப்பாகப் புற ஊதாக் கதிர்கள். சீல்களும் டயர்களும் பெரும்பாலும் கறுப்பாக இருப்பது ஏன் என்று யோசித்ததுண்டா? அவற்றில் கலந்துள்ள நுண்ணிய கரித்தூள் ரப்பருக்கு வலுவூட்டுவதோடு, புற ஊதாக் கதிர்களை விழுங்கி உள்ளே விடாமலும் தடுக்கிறது. வெளிர்நிற ரப்பர் வெயிலில் விரைவில் கெடுவதற்கு இந்தக் கவசம் இல்லாததே காரணம்.

நான்காவது எதிரி ஓசோன். மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த இந்த வாயு, வானத்தின் உயரத்தில் நமக்குக் காவல். தரைமட்டத்தில் ரப்பருக்கு எமன்! பத்துக் கோடிப் பங்கு காற்றில் ஒரு சில பங்கு இருந்தாலே அது வேலையைக் காட்டிவிடும். ஆனால் அது தாக்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ரப்பர் இழுபட்ட நிலையில் இருக்க வேண்டும். தளர்ந்து கிடக்கும் ரப்பரில் ஓசோன் மேற்பரப்போடு நின்றுவிடும். இழுபட்ட ரப்பரிலோ அறுந்த சங்கிலிகள் விலகிப்போக, வெடிப்பு திறந்து, அதன் அடியில் புதிய பரப்பு கிடைக்கிறது. அங்கே ஓசோன் மறுபடியும் தாக்குகிறது. வெடிப்புகள் எப்போதும் இழுத்த திசைக்குக் குறுக்காகவே ஓடும். பீடிங்கை மடித்து வைத்தால் மடிப்பின் வெளிப்புறத்தில் முதலில் கீறல் விழுவது இதனால்தான்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் இது பெரும் தொல்லையாக இருந்தது. அங்கே வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து காற்றில் ஓசோனை உண்டாக்கின. டயர்கள் சீக்கிரமே வெடித்தன. 1950-களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியல் அறிஞர் இந்தத் தொல்லையையே ஒரு கருவியாக்கினார். வளைத்து வைத்த ரப்பர்த் துண்டில் வெடிப்பு விழ எத்தனை நேரம் ஆகிறது என்று பார்த்து, காற்றில் எவ்வளவு ஓசோன் உள்ளது என்று கணக்கிட்டார்!

ஐந்தாவது எதிரி எண்ணெய். பெட்ரோல், டீசல், எஞ்சின் ஆயில் ஆகியவை இயற்கை ரப்பரின் சங்கிலிகளுக்கிடையே புகுந்து அதை ஊதவைக்கும். ஊதிய ரப்பர் வலுவிழந்து கொழகொழத்துவிடும்.

ஆறாவது எதிரியை நீங்கள் எதிர்பார்த்திருக்கமாட்டீர்கள். அது செம்பு. செம்பும் மாங்கனீசும் ஆக்சிஜன் தாக்குதலை விரைவுபடுத்தும் வினையூக்கிகள். ரப்பர் சீல்களைச் செம்புக் கம்பியில் கோத்துத் தொங்கவிடுவது, எதிரியையே காவலுக்கு வைப்பது போலாகும்.

ரப்பரிலும் பல சாதி

இயற்கை ரப்பரின் குறைகளைப் போக்க வேதியியலார் பல செயற்கை ரப்பர்களைப் படைத்தனர். ஆயில் சீல்களில் மிகுதியாகப் பயன்படும் நைட்ரைல் ரப்பர் எண்ணெயைத் தாங்கும். ஆனால் ஓசோனுக்கு அஞ்சும். இ.பி.டி.எம். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ரப்பரில் இரட்டைப் பிணைப்புகள் முதுகெலும்புச் சங்கிலியில் இல்லை. பக்கக் கிளைகளில் மட்டும் உள்ளன. ஓசோன் கிளையைத் தாக்கினாலும் முதுகெலும்பு அறுவதில்லை. வெயிலிலும் காற்றிலும் கிடக்கும் கதவு பீடிங்குகளை இதனால்தான் இ.பி.டி.எம். ரப்பரில் செய்கிறார்கள். ஆனால் எஞ்சின் ஆயில் பட்டால் இது ஊதிப்போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பலமும் ஒரு பலவீனமும் உண்டு. எந்த எண்ணெய்க்கு எந்த ரப்பர் என்று அறியாமல் மாற்றிப் போடக்கூடாது.

பாதுகாத்து வைப்பது எப்படி?

எதிரிகள் யார் என்று தெரிந்துவிட்டதால், சீல்களை இருப்பு வைக்கும் விதிகளை நீங்களே சொல்லிவிடலாம். சரிபாருங்கள்:

1. குளிர்ச்சியான இடம் வேண்டும். பன்னாட்டுத் தர நிறுவனத்தின் வழிகாட்டி 25° செல்சியசுக்குக் கீழே வைக்கச் சொல்கிறது. நம் ஊர்க் கோடையில் இது கடினம். தகரக் கூரையின் கீழ்ப் பரணில் வைக்காமல், கான்கிரீட் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தரையை ஒட்டிய தட்டில் வைத்தாலே பெரும் பயன் உண்டு.

2. இருட்டு வேண்டும். சீல் வந்த பொட்டலத்தைப் பிரிக்காமல், மூடியுள்ள அட்டைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். கடை வாசலில் தோரணம் போலத் தொங்கவிடுவது அழகாக இருக்கலாம், ஆயுளைக் குறைக்கும்.

3. ஓசோன் தோன்றும் இடம் கூடாது. பொறி பறக்கும் மின் மோட்டார்கள், வெல்டிங் செய்யுமிடம் ஆகியவற்றுக்கு அருகில் வைக்கக்கூடாது.

4. தளர்வாகக் கிடக்க வேண்டும். இழுக்காமல், மடிக்காமல், மேலே பளு ஏற்றாமல் வைக்க வேண்டும். ஆயில் சீலை ஆணியில் மாட்டினால், அதன் மெல்லிய உதடு ஆணி பட்ட இடத்தில் கோணிவிடும். கோணிய இடத்தில் எண்ணெய் கசியும். நீண்ட பீடிங்கைப் பெரிய வட்டமாகச் சுருட்டிப் படுக்கவைக்க வேண்டும்.

5. காற்றோட்டத்தைத் தடுக்க வேண்டும். பாலித்தீன் உறை நல்லது. நெகிழ்வான பி.வி.சி. உறை நல்லதன்று. அந்த பிளாஸ்டிக்கை இளக்குவதற்காகச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள், மெல்ல ரப்பருக்குள் ஊடுருவும்.

6. எண்ணெய், பெட்ரோல், பெயின்ட், செம்பு ஆகியவற்றோடு சேர்த்து வைக்கக்கூடாது. ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க, சைக்கிள் கடைகளில் டியூபுக்குப் பூசும் டால்க் தூளை மெல்லத் தூவலாம்.

7. முதலில் வந்தது முதலில் போக வேண்டும். புதிய சரக்கைப் பின்னால் அடுக்கி, பழையதை முன்னால் நகர்த்த வேண்டும்.

வயதைக் கணக்கிடுவோம்

இந்த விதிகளின்படி வைத்தால் சீல் எத்தனை ஆண்டு தாங்கும்? அதே பன்னாட்டு வழிகாட்டி ரப்பர்களை மூன்று வகுப்புகளாகப் பிரிக்கிறது. இயற்கை ரப்பருக்கு 5 ஆண்டுகள், நைட்ரைல், நியோப்பிரீன் போன்றவற்றுக்கு 7 ஆண்டுகள், இ.பி.டி.எம்., சிலிக்கோன் போன்றவற்றுக்கு 10 ஆண்டுகள். அதன் பிறகு ஆராய்ந்து பார்த்து, நன்றாக இருந்தால் முறையே 2, 3, 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம்.

இப்போது ஒரு சிறு கணக்கு. 25° செல்சியசில் 5 ஆண்டு தாங்கும் இயற்கை ரப்பரை, 45° வரை கொதிக்கும் தகரக் கொட்டகையில் வைத்தால்? 20 பாகை கூடுதல். அதாவது இரண்டு முறை இரு மடங்கு. முதுமை 4 மடங்கு வேகமாக வரும். 5 ஆண்டு ஆயுள் ஒன்றேகால் ஆண்டாகச் சுருங்கிவிடும்! நாள் முழுதும் அந்த வெப்பம் இருக்காது என்றாலும், கணக்கு எந்தப் பக்கம் போகிறது என்பது விளங்குகிறதல்லவா?

இந்த ஆயுள், சீலை ஆலையில் சூடாக்கிப் பக்குவப்படுத்திய நாளிலிருந்து தொடங்குகிறது. நாம் கடையில் வாங்கிய நாளிலிருந்து அன்று. தரமான சீல்களின் உறையில் அந்தத் தேதியைக் குறித்திருப்பார்கள். டயரிலும் இதைப் பார்க்கலாம். டயரின் பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம். அடுத்த இரண்டு ஆண்டு. 3521 என்றிருந்தால், 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள்.

வண்டியில் பொருத்திய பிறகு

கதவு பீடிங்குகளைப் பெட்ரோலாலோ டீசலாலோ துடைக்கக்கூடாது. சோப்பு நீரால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, சிலிக்கோன் கிரீசை மெல்லப் பூசினால் போதும். வண்டியை நிழலில் நிறுத்துவது செலவில்லாத மருந்து.

பிரேக் விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். முற்காலத்துப் பிரேக் திரவம் எதனால் ஆனது தெரியுமா? நம் ஆமணக்கு எண்ணெயும் ஆல்கஹாலும் கலந்தது! ஆமணக்கு எண்ணெயின் மூலக்கூறில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு கூடுதல் தொகுதி உண்டு. அதனால் அது இயற்கை ரப்பரோடு எளிதில் கலப்பதில்லை. ரப்பரை ஊதவைப்பதும் குறைவு. இன்று கார்களில் பெரும்பாலும் பயன்படும் டாட் 3, டாட் 4 திரவங்கள் கிளைக்கால் வகையைச் சேர்ந்தவை. திரவம் குறைந்திருக்கிறது என்று யாராவது அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றிவிட்டால், பிரேக் கப்புகள் ஊதிச் சிலிண்டருக்குள் சிக்கிக்கொள்ளும். பிரேக் பிடித்தால் விடாது. அல்லது பிடிக்கவே பிடிக்காது. இது உயிரோடு விளையாடும் செயல்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே பொட்டலத்திலிருந்து நான்கு ரப்பர் வளையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கின் நீளத்தையும் அளந்து குறியுங்கள். முதல் வளையத்தைத் தளர்வாக, மூடியுள்ள தகர டப்பாவில் இருட்டில் வையுங்கள். இரண்டாவதை ஒரு மரக்கட்டையில் இழுத்து மாட்டி அதே டப்பாவில் வையுங்கள். மூன்றாவதைத் தளர்வாகச் சன்னல் விளிம்பில் வெயில் படும்படி வையுங்கள். நான்காவதை மரக்கட்டையில் இழுத்து மாட்டி அதே வெயிலில் வையுங்கள். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். கட்டையிலிருந்து கழற்றி நீளத்தை அளந்து, மீண்டும் மாட்டிவிடுங்கள். எது முதலில் அறும்? எது பழைய நீளத்துக்குத் திரும்பவில்லை? தொடங்குவதற்கு முன்பே உங்கள் ஊகத்தை எழுதி வையுங்கள்.

இன்னொரு சோதனையைப் பெரியவர் ஒருவர் உடனிருக்க, நெருப்பில்லாத இடத்தில் செய்ய வேண்டும். ஒரு ரப்பர் வளையத்தை வெட்டி, 5 செ.மீ. நீளமுள்ள இரு துண்டுகளாக்குங்கள். ஒன்றை மூடியுள்ள சிறு கண்ணாடிப் புட்டியில் மண்ணெண்ணெய் அல்லது டீசலிலும், மற்றதை இன்னொரு புட்டியில் ஆமணக்கு எண்ணெயிலும் மூழ்க வையுங்கள். மறுநாள் இரண்டையும் எடுத்துத் துடைத்து அளந்து பாருங்கள். பிரேக் திரவத்தில் ஆமணக்கு எண்ணெயைச் சேர்த்தவர்கள் ஏன் அதைத் தேர்ந்தார்கள் என்பதற்கு விடை உங்கள் அளவுகோலிலேயே கிடைக்கும்.

அடுத்த முறை வீட்டு வண்டிக்குப் பெரியவர்கள் சீலோ பிரேக் கப்போ வாங்கச் செல்லும்போது நீங்களும் உடன் செல்லுங்கள். உறையில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். ரப்பரை விரலால் அழுத்தி, உடனே திரும்புகிறதா என்று கவனியுங்கள். மெல்ல வளைத்து, வெளிப்புறத்தில் கீறல் தெரிகிறதா என்று நோக்குங்கள். கீறல் தெரிந்தாலோ, கெட்டியாகவோ பிசுபிசுப்பாகவோ இருந்தாலோ, "வேறு கொடுங்கள்" என்று தயங்காமல் கேளுங்கள்.